பாம்பும் சிலந்தியும் உலவும் இடத்தில் பத்திரமாகக் குடியிருக்க: கிராமத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பின்னிரவு. மூன்று மணி இருக்கும். கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த என் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். இரவு சாப்பிட்ட அடை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தோம். ஒருமுறை வாந்தி எடுத்தார், திரும்பப் படுத்துக்கொண்டார். விடியும் நேரத்தில், "கண்ணைத் திறக்க முடியவில்லை" என்றார். இமைகள் பாதியில் நின்றுவிட்டிருந்தன. நாக்கு குழறியது. உடம்பில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, எறும்பு கடித்த அளவுகூடத் தடம் இல்லை. அப்பாயி பாயை இழுத்து உதறியபோதுதான், சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளுக்கு அடியில் கறுப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தோம். கட்டுவிரியன்.

சித்தி பிழைத்தார். மூன்று நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்து, பத்தாம் நாள் வீடு திரும்பினார். ஆனால் அந்த வயிற்றுவலியின் பொருள் எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் மூன்று மணி நேரம் வீணாகியிருக்காது. அவர் கட்டிலில் படுத்திருந்தால் அந்தக் கடியே நேர்ந்திருக்காது. அதற்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டையும், அதைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பையும், எங்கள் பழக்கங்களையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேராமலேயே இறந்தவர்களும் இவர்களில் பெரும்பாலோர். தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அரசின் ஏடுகளில் இப்போதுதான் ஏறுகிறது.

முதல் படி: அந்தி நேரத்தில் வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள்

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது, தேரையைத் தேடி வருகிறது, வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் ஒதுங்க வருகிறது. ஆகவே ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு டார்ச் விளக்கும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எலி எங்கே ஓடுகிறது, எங்கே வளை போட்டிருக்கிறது, எங்கே ஈரம் நிற்கிறது, எங்கே பொருள்கள் தரையோடு தரையாகக் குவிந்து கிடக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறும் என்பது சரியான சொல். நம் வீட்டோரங்களில் வாழும் பாம்புகள் தங்களுக்கென வளை தோண்டுவதில்லை. எலி தோண்டியதும் கரையான் கட்டியதும்தான் அவற்றுக்கு வீடு.

எங்கள் வீட்டில் அன்று பதினொரு இடங்களைக் குறித்தோம். முதலிடம் கூடத்திலேயே இருந்தது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு எலிப்பொந்து.

இரண்டாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாம்பை அடையாளம் காண்பது அதைப் பிடிப்பதற்காகவோ அடிப்பதற்காகவோ இல்லை. எதைப் பார்த்தால் வீட்டாரை வெளியேற்ற வேண்டும், எதைப் பார்த்தால் வழிவிட்டு நிற்கலாம் என்று முடிவெடுப்பதற்காக. சந்தேகம் வந்தால் நஞ்சுள்ளதாகவே கொள்ளுங்கள். ஆறடிக்கு மேல் தள்ளி நில்லுங்கள்.

நம் ஊர்களில் உயிர்ப்பலிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கு. நல்ல பாம்பு படம் எடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். முடிந்தவரை எச்சரித்துவிட்டு விலகத்தான் பார்க்கும். கண்ணாடி விரியன் தடித்த உடலும் முக்கோணத் தலையும் கொண்டது. முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தது போல நீள்வட்டப் புள்ளிகள் ஓடும். தொந்தரவு செய்தால் குக்கர் சீறுவது போல நீளமாகச் சீறும். வயலிலும் வைக்கோலிலும் சருகிலும் அசையாமல் கிடப்பது இதன் இயல்பு. மிதிபடும் வரை நகராது. குட்டி போடும் இனம், ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள்கூட வரும். சுருட்டை விரியன் ஒரு முழ நீளம்தான் இருக்கும். வறண்ட, கல் நிறைந்த நிலங்களில் வாழும். உடலைச் சுருட்டி செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும்.

நான்காவதுதான் கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். பகலில் கையால் தொட்டால்கூடச் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும் அளவுக்குச் சாது. இரவில் அது வேறு பாம்பு. மினுமினுக்கும் கருநீல உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, குறுக்கே ஓடும். இதோடு எல்லோரும் குழப்பிக்கொள்வது ஓநாய்ப் பாம்பு. இது நஞ்சில்லாதது, சுவரேறிப் பல்லி பிடிப்பது. வேறுபாட்டை இப்படி நினைவில் வையுங்கள்: ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்துப் பக்கம் பட்டைகள் அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகும். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் கோடுகள் தெளிவில்லாமல் அல்லது இல்லாமலே இருந்து, வால் நுனி வரை தெளிவாக இருக்கும். கட்டுவிரியனின் முதுகெலும்பு வழியே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இது செத்த பாம்பிலோ நல்ல புகைப்படத்திலோதான் தெரியும். நேரில் குனிந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

மற்றவர்களைப் பொறுத்தவரை, உங்கள் தோட்டத்துக்கு முதல் காவல்காரன் சாரைப்பாம்பு. ஆறடி, ஏழடி நீளம், வேகமான ஓட்டம், பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கீற்றுகள். நல்ல பாம்பு என்று நினைத்து நம் ஊரில் அடித்துக் கொல்லப்படும் சாரைகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. எங்கள் தோப்பில் ஒரு சாரை இருந்த காலத்தில் வேர்க்கடலைப் பாத்தியில் எலி வெட்டு குறைவாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அதை அடித்துப் போட்டார்கள். அடுத்த பருவத்தில் எலி பெருகிவிட்டது. சாரையும் நல்ல பாம்பும் பிணைவதாகச் சொல்வதும் தவறு. எழும்பிப் பின்னிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். இடத்துக்கும் துணைக்கும் மல்லுக்கட்டுகின்றன.

தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளிப் பாம்பு, மண்புழுவைப் போன்ற புழுப்பாம்பு ஆகியவை மனிதருக்கு நஞ்சில்லாதவை. பச்சைப் பாம்பின் நஞ்சு லேசானது. அது கண்ணைக் கொத்தும் என்பது கதை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பதும் அப்படித்தான். மண்ணுளியில் ஒரு வகைக்குக் கண்ணாடி விரியனைப் போலவே திட்டுகள் உண்டு. திட்டுகள் ஒழுங்கற்று இருந்து வால் மழுங்கியிருந்தால் மண்ணுளி.

பாம்பைக் கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டைச் சுற்றிப் பத்தடியை வெறுமையாக்குங்கள்

தோப்பு முழுவதையும் துப்புரவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி வரை மட்டும் தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பட்டையைத் தாண்டினால் அது அவர்கள் இடம். தோட்டத்தின் கடைசி மூலையில் சருகும் கட்டையும் கிடக்கட்டும். ஒதுங்க அங்கே இடம் இருந்தால் வீட்டோரத்துக்கு வரும் தேவை குறையும்.

விறகு, தென்னை மட்டை, தேங்காய் மட்டை, உடைந்த ஓடு, மிச்சமான செங்கல் எல்லாம் சுவரோடு சாய்ந்து கிடப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். முதலில் இவற்றைச் சுவரிலிருந்து பிரியுங்கள். விறகைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல்தூண் மீதோ இரும்புச் சட்டம் மீதோ அடுக்குங்கள். அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். கீற்றுக் குவியலை மாதக்கணக்கில் அசைக்காமல் விடாதீர்கள். எடுக்கும்போது முதலில் நீளமான கம்பால் தட்டி, மேலடுக்கை உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள். அப்போது புரட்டிய கீற்று உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் கேடயமாக நிற்கும். அது மறுபக்கம் ஓட வழியும் இருக்கும்.

கோழிக்கூடு வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தரையிலிருந்து உயர்த்தி, அரை அங்குலத்துக்கும் சிறிய கண் உள்ள கம்பி வலை அடித்து, முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். சிந்திய தவிடும் நாய் தின்று மிச்சம் வைத்த சோறும் இரவில் எலிக்கு விருந்து. கூரையைத் தொடும் முருங்கைக் கிளையையும் கொடியையும் நான்கடி இடைவெளி விட்டு வெட்டுங்கள்.

வாசல் விளக்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வெள்ளை விளக்கு ஈசலையும் பூச்சியையும் கூட்டுகிறது. பூச்சிக்குத் தேரை வருகிறது. தேரைக்குப் பாம்பு வருகிறது. மழைக்காலத்தில் எங்கள் வாசற்படியில் ஏழெட்டுத் தேரைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விளக்கை வாசலுக்கு நேர் மேலே இருந்து எடுத்து, பதினைந்து அடி தள்ளி ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்காக மாற்றினோம். வெளிச்சம் வாசலுக்கு வருகிறது, தேரைகள் கம்பத்தடிக்குப் போய்விட்டன.

காய்கறிப் பாத்திக்கு நைலான் வலை போடுகிறவர்கள் அதை இழுத்துக் கட்டுங்கள், தரையில் புரள விடாதீர்கள். அதில் சிக்கி உடல் அறுபட்டுச் சாகும் பாம்புகள் ஏராளம். சிக்கிய பாம்பை விடுவிக்கக் கை நீட்டுகிறவருக்கும் ஆபத்து.

நான்காம் படி: ஓட்டைகளை அடையுங்கள்

குட்டிப் பாம்புக்கு அரை அங்குல இடைவெளி போதும். கதவடி இடைவெளிக்குத் தடித்த ரப்பர் பட்டை அடியுங்கள். மரக்கதவு தேய்ந்திருந்தால் வாசற்படியில் ஒரு சட்டம் வைத்துப் பூசுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்கும் அடுப்படிச் சாக்கடைக்கும் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை. எலிப்பொந்தை மண்ணால் அடைத்தால் அன்று இரவே திறந்துவிடும். உடைந்த கண்ணாடியும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். அடைப்பதற்கு முன்னால் இரண்டு நாள் வாயில் மாவு தூவி, உள்ளே ஏதும் இல்லை என்று தடம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பதை வீட்டுக்குள் திருப்பிவிட்டால் வம்பு.

நெல் மூட்டைகளைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். வேறு இடமே இல்லை என்றால் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டில் நெல் இப்போது மூடியுள்ள தகரப் பீப்பாயில் இருக்கிறது.

சிறியாநங்கை நட்டால் வராது, ஆகாச கருடன் கிழங்கைக் கட்டினால் வராது, பூண்டுக் கரைசல், பினாயில் தெளித்தால் வராது என்பார்கள். சிறியாநங்கைச் செடியடியிலேயே தண்ணீர்ப் பாம்பு சுருண்டு கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இவற்றால் வரும் பெரிய தீங்கு, ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் கதவடி இடைவெளியை அடைக்காமல் விட்டுவிடுவது.

ஐந்தாம் படி: தரையில் படுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கட்டுவிரியன் இரவில் எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி அலைவது. சுவரோரமாகவே போகும். தரையில் படுத்திருக்கும் மனிதரின் மேல் ஏறிப் போகும்போது அவர் புரண்டாலோ கையை வீசினாலோ கடித்துவிடுகிறது. பல் மிகச் சிறியது. தூக்கத்தில் இருப்பவர் விழிப்பதுகூட இல்லை.

கட்டில் வாங்குங்கள். கயிற்றுக் கட்டிலே போதும். சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். போர்வையும் சேலைத் தலைப்பும் தரையில் தொங்கக் கூடாது. இதன் மேல் கொசுவலை கட்டி, அதன் விளிம்பை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். தென்கிழக்கு நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வில் கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. கட்டிலுக்கு வழியில்லாத வீட்டில், பாயின் மேலேயே வலையைக் கட்டி விளிம்பைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகினாலும் பெரும் பாதுகாப்புதான்.

அப்பாயி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "எழுபது வருஷமாக இந்தத் தரையில்தான் படுக்கிறேன், என்ன ஆகிவிட்டது?" என்றார். சித்தி எதுவும் பேசாமல் அவருடைய பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிலைப் போட்டார்.

ஆறாம் படி: காலும் கையும் போகும் இடத்தைக் கண் முதலில் பார்க்கட்டும்

இருட்டியபின் டார்ச் விளக்கு இல்லாமல் வாசற்படி இறங்கக் கூடாது. கைபேசி வெளிச்சம் போதாது. அது காலடியை மட்டும் காட்டும், அடுத்த மூன்றடியைக் காட்டாது. கையில் ஒரு கம்பு வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் தரை அதிர்வு நன்றாகத் தெரியும். நல்ல பாம்பும் சாரையும் விலகிவிடும். கண்ணாடி விரியன் விலகாது, அதற்குத்தான் விளக்கு. வரப்பில் களையெடுக்கவும் அறுக்கவும் இறங்குகிறவர்களுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் சிறந்த முதலீடு, ஏனென்றால் விரியன் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது.

வெளியே கிடந்த செருப்பையும் பூட்ஸையும் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். வைக்கோல் போரில் கையை விட்டுப் பிடுங்காதீர்கள். கொக்கிக் கம்பால் இழுங்கள்.

ஏழாம் படி: சிலந்தியோடு சமாதானம்

பாம்புக்கு இவ்வளவு எழுதிவிட்டுச் சிலந்திக்குச் சுருக்கமாக எழுதக் காரணம் உண்டு. தமிழக வீடுகளில் நாம் அன்றாடம் காணும் சிலந்திகளில் எதுவும் மனித உயிரைப் பறிக்கக்கூடியது அல்ல. பலர் சிலந்தி கடித்தது என்றும் எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தது என்றும் சொல்லும் கொப்புளங்கள் பல வேளைகளில் வேறொன்று. அக்கி ஒரு வைரஸ் நோய். அதற்குக் காவி எழுதிக்கொண்டு காத்திராமல் இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும். கோடு இழுத்தது போலச் சிவந்து எரிந்தால், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டு காரணமாக இருக்கலாம். எறும்பு போல ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். அதைத் தோலில் வைத்து நசுக்கினால் உள்ளிருக்கும் நீர் தோலைப் புண்ணாக்கும். ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்து அப்பியிருக்கும் பழுப்புச் சிலந்தி வலை பின்னுவதில்லை. இரவில் கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும். ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில் அருகில் போய்ப் பாருங்கள். பெண்ணாக இருந்தால் அடிவயிற்றில் ஒரு ரூபாய் நாணயம் போல் வட்டமாக, தட்டையாக, வெண்மையான ஒன்றை அணைத்துக்கொண்டிருக்கும். அது முட்டைப் பை. அதை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் துடைப்பத்தை ஓங்காதீர்கள். ஜன்னல் கட்டையில் தாவித் தாவி ஈ பிடிக்கும் குட்டிச் சிலந்திக்கு ஈப்புலி என்று பெயர் வைத்தவர் அதைக் கூர்ந்து கவனித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒட்டடைக்கும் வலைக்கும் வேறுபாடு உண்டு. தூசி படிந்து கறுத்துத் தொங்குவது கைவிடப்பட்ட வலை. போகிக்கு முன் வீடு முழுதும் ஒட்டடை அடிக்கும்போது அதை எடுத்துவிடுங்கள், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. சிலந்தி உட்கார்ந்திருக்கும் வலையைப் படுக்கை, சமையல் மேடை தவிர மற்ற இடங்களில் விட்டு வைக்கலாம். வேண்டாத இடத்தில் இருந்தால் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையைச் செருகி, வெளியே கொண்டு விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்திதான்; சில வாரங்களில் கரப்பான் திரும்பி வரும்போது அதைப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

இராமேசுவரம், மண்டபம் பக்கம் தென்னை, பனை, புளி மரங்களின் பொந்துகளில் வாழும் பெரிய மயிரடர்ந்த சிலந்தி மட்டும் தனிக் கணக்கு. 2004இல் அறிவியல் பெயர் பெற்ற இது, அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் இனம். கடித்தால் வலியும் தசைப்பிடிப்பும் வரலாம். மரப்பொந்தில் கை விடாமல் இருந்தால் அதற்கும் நமக்கும் ஒரு சிக்கலும் இல்லை.

திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது நம் தலபுராணம். சிலந்தியும் பாம்பும் யானையும் பூசித்த தலம் காளத்தி. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் வீட்டில் ஒரு வலைக்கு இடம் விட முடியும் என்றே நினைக்கிறேன்.

எட்டாம் படி: பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால்

குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். ஒருவர் மட்டும் பத்தடி தள்ளி நின்று பாம்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்; அது எந்தப் பீரோவுக்கு அடியில் போனது என்று தெரியாமல் போவதுதான் மிகப் பெரிய சிக்கல். உள்ளறைக் கதவுகளைச் சாத்தி அடியில் துணியைத் திணியுங்கள். வாசல் கதவைத் திறந்து வைத்து, அந்த வழியில் யாரும் நிற்காதீர்கள். பல நேரங்களில் அரை மணி நேரத்தில் அதுவே போய்விடும். போகாவிட்டால் தீயணைப்பு மீட்புத் துறையை 101 என்ற எண்ணிலோ 112 என்ற எண்ணிலோ அழையுங்கள். வனத்துறை அலுவலக எண்ணையும் குறித்து வைத்திருங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, வெந்நீர் ஊற்றுவது, படம் எடுக்கக் கிட்டே போவது, ஊரில் துணிச்சலான பையனைக் கூப்பிட்டு வெறுங்கையால் பிடிக்கச் சொல்வது ஆகியவற்றால்தான் தவிர்த்திருக்கக்கூடிய கடிகள் நேர்கின்றன. வெட்டுண்ட பாம்பின் தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

ஒன்பதாம் படி: கடித்துவிட்டால்

இது நடப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: 108, பாம்புக்கடி நச்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் இரண்டும் உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனை, இரவிலும் வண்டி எடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண். நாங்கள் முதலில் போன இடத்தில் மருந்து இருந்தது, கருவி இல்லை. அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போன நாற்பது நிமிடங்களும் சித்திக்கு மூச்சு திணறிக்கொண்டே இருந்தது. நேரில் போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடித்த உடன் பாம்பிடமிருந்து விலகுங்கள். அதை அடிக்கத் துரத்தாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலை எப்படி அசையாமல் வைப்போமோ அப்படி, பலகையோ மட்டையோ வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எதுவும் கூடாது. யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காமல், மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்க விடுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் இருசக்கர வாகனத்தில் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம்.

மந்திரிக்கிறவரிடம் போனவர் பிழைத்தார் என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. நஞ்சில்லாத பாம்பு கடித்தவர்களும், நஞ்சுள்ள பாம்பு நஞ்சைச் செலுத்தாமல் கடித்தவர்களும்தான் அப்படிப் பிழைக்கிறார்கள். உங்களுக்கு நேர்ந்த கடி எது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

மழைக்கால இரவில் தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு, இமை சரிவு எது வந்தாலும் கட்டுவிரியன் கடி என்று வைத்துக்கொண்டே புறப்படுங்கள். மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள்: தரையில் படுத்திருந்தார், கடியைப் பார்க்கவில்லை, வலி தொடங்கியது இத்தனை மணிக்கு. கை கால் அசையாமல், கண் திறக்காமல் கிடந்தாலும் அவருக்குக் காது கேட்கும். சித்தி பிறகு சொன்னார், பக்கத்தில் நின்று நாங்கள் அழுததெல்லாம் கேட்டதாம். பேசிக்கொண்டே இருங்கள், தைரியம் சொல்லுங்கள்.

பாம்பை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நான்கு வகைக்கும் சேர்த்து ஒரே நச்சுமுறி மருந்துதான். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சை எடுத்துக் கொடுக்க, அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். நஞ்சு எடுத்த பாம்புகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

அங்கே முதலில் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். அந்த 20 நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சண்டை போடாதீர்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். குழந்தைக்குப் பத்துக் குப்பியா என்று பதற வேண்டாம். அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருங்கள்.

வீடு திரும்பியபின் சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே திரும்பப் போக வேண்டும். கண்ணாடி விரியன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். நச்சுமுறி மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வரலாம். சித்திக்குப் பன்னிரண்டாம் நாள் முழங்காலும் மணிக்கட்டும் வலித்தன. நஞ்சு மிச்சம் இருக்கிறது என்று அப்பாயி பயந்தார். மருத்துவர் அது மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை என்று சொல்லி ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நான்காம் நாளே சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.